நான்கு குமிழும் வலது கோடியில்: பாஸ் எச்எம்-2டபிள்யூ பெடல்

பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2டபிள்யூ ஒரே ஓர் ஓசைக்காக வாங்க வேண்டிய, காலால் மிதித்து ஓசையை மாற்றும் கிட்டார் பெடல். 1990-இல் ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பிய ஸ்வீடிஷ் டெத் மெட்டலின் ஓசை அது. ரம்பம் மரத்தைக் கடிக்கிற மாதிரி மேலே இரைந்துகொண்டே, அடியில் நெஞ்சை அடைக்கிற கனத்தோடு வரும். அது வேண்டுமென்றால் தயங்காமல் வாங்குங்கள். இதைவிட நேர்வழி கிடையாது. கல்யாண மண்டப ஆர்கெஸ்ட்ராவுக்கும் ப்ளூஸுக்கும் பஜனைக்கும் சேர்த்து ஒரே டிஸ்டார்ஷன் பெடலாகப் போதும் என்று தேடுகிறவர்கள் இதில் கைவைக்க வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கராஜில் ஒத்திகை பார்க்கும் ஒரு பிள்ளை இதை முதல் பெடலாக வாங்கி, சின்ன ஆம்ப்ளிஃபயரில் செருகினால், "கொசகொசன்னு இருக்கு, ஸ்வரமே தெரியல" என்றுதான் முதலில் சொல்வான். அந்தக் குறைக்குக் காரணம் பெரும்பாலும் பெடலுக்கு முன்னும் பின்னும் செருகியிருப்பதில் இருக்கும். அதனால்தான் இங்கே மின்சாரம், ஸ்பீக்கர், தந்தி எல்லாவற்றையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

ஓசையை வேண்டுமென்றே கலைப்பது நமக்குப் புதிதில்லை. தம்பூராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூலை நகர்த்தி நகர்த்தி ஜீவா பிடிப்பது எதற்கு? தந்தி சுத்தமாக மட்டும் ஒலித்தால் மொட்டையாக நிற்கும். குதிரையை லேசாக உரசும்போதுதான் மேற்சுரங்கள் கிளம்பி சுருதி நிறைகிறது. ராக் இசைக்கு இதையே பழுதுகள் கற்றுக்கொடுத்தன. 1961-இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்று நாஷ்வில்லில் பதிவானபோது, கிரேடி மார்ட்டினின் பாஸ் கிட்டார் ஒலித்தடம் கலவைப் பலகையில் கெட்டுப்போய்க் கரகரத்தது. அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கரகரப்பையே ஒரு மின்சுற்றாக்கிக் கொடுக்க, 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடல் வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதிக்கும்வரை அதைச் சீந்துவாரில்லை. இடையில் 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், சின்ன ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் தாளைச் சவரக்கத்தியால் கீறிவிட்டு அதே மாதிரி உறுமலை எடுத்தார்.

மெட்டலின் பிறப்பே ஒரு காயத்தில் இருக்கிறது. பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த, பின்னால் பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞரான டோனி அயோமி, 17 வயதில் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய விரல்களே போயின. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்தொப்பி செய்து, தோல் ஒட்டிக்கொண்டு வாசித்தார், தந்திகளை மெலிதாக்கினார், பிறகு சுருதியையும் இறக்கினார். 1971-இல் வந்த பிளாக் சப்பாத்தின் மூன்றாவது ஆல்பத்தில் ஒன்றரை ஸ்வரம் இறங்கிய அந்தத் தந்திகளைக் கேட்கலாம். பின்னால் வந்த கனமான இசையில் பெரும்பகுதி அந்த இறங்கிய சுருதியின் மேல்தான் நிற்கிறது. இந்தப் பெடலும் அப்படித்தான்: சாதாரணச் சுருதியில் இருக்கும் கிட்டாரில் இதை வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

பழைய எச்எம்-2 வந்தது 1983-இல். மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்களை அடுக்கிவைத்து முழு ஒலியில் திறந்தால் வருகிற அந்தக் காலத்து ஹெவி மெட்டல் ஓசையை ஒரு கைப்பிடிப் பெட்டிக்குள் அடக்குவதே நோக்கம். (அப்படிப்பட்ட ஓசையை ஆல்பத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த ராபர்ட் ஜான் மட் லாங்கே. ஏசி/டிசியின் 1979, 1980 ஆல்பங்களும் டெஃப் லெப்பர்டின் 1983, 1987 ஆல்பங்களும் அவர் தயாரித்தவை. இங்கே அவர் பெயரை இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.) எச்எம்-2 அந்த இலக்கைத் தொடவில்லை. மார்ஷலைப் போல அது ஒலிக்கவே இல்லை. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் போன்ற சிலர் தங்கள் வழியில் அதைப் பயன்படுத்தினார்கள். 1991-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதே ஆண்டில் பாஸின் இன்னொரு பெடலான மெட்டல் ஸோன் வந்தது.

ஆனால் நிறுத்துவதற்கு முன்பே வரலாறு நடந்துவிட்டது. ஸ்டாக்ஹோமில் நிகிலிஸ்ட் என்ற குழுவில் இருந்த லெய்ஃப் குஸ்னர், எச்எம்-2-வின் குமிழ்கள் எல்லாவற்றையும் வலது கோடி வரை திருப்பிவிட்டார். அந்தக் குழுவிலிருந்து உருவான என்டூம்ப்ட், தாமஸ் ஸ்கோக்ஸ்பெர்க்கின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவுசெய்த முதல் ஆல்பம் 1990-இல் வெளிவந்தது. மறு ஆண்டு டிஸ்மெம்பர் குழுவின் ஆல்பம் வந்தது. கோத்தன்பர்க்கில் அட் த கேட்ஸ் 1995-இல் அதே பெடலை வேகமும் கூர்மையும் கூடிய இசைக்குக் கொண்டுபோனார்கள். யாரும் அப்படித் திருப்புவார்கள் என்று பாஸ் பொறியாளர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். பழைய பெட்டிகளின் விலை ஏறிக்கொண்டே போய், கடைசியில் 2021-இல் பாஸே வாஸா கிராஃப்ட் வரிசையில் இதை மறுபடி செய்தது. அதுதான் இந்த எச்எம்-2டபிள்யூ.

அந்தப் பழைய பெட்டி கடைகளில் இருந்த ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவுக்கு வெளிநாட்டுக் குழுக்கள் வருவதே அரிது. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கமும் ஐநாவும் கலாசாரப் புறக்கணிப்பை வைத்திருந்தன. அதை மீறி 1984-இல் குயின் சன் சிட்டி என்ற சூதாட்ட உல்லாச விடுதியில் வாசித்தது. 1987-இல் பிளாக் சப்பாத்தும் வாசித்தது. நிறவெறி அரசை எதிர்த்தவர்களுக்கு அந்த மேடை ஒரு காயம், அதை மறக்கத் தேவையில்லை. மெட்டாலிகா 2006-இல் வந்தது, அயர்ன் மெய்டன் 2016-இல். நடுவில் வளர்ந்த தலைமுறை இந்த ஓசைகளை கேசட்டில் மட்டுமே கேட்டு, எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்று தெரியாமலே தேடியது. இன்று அந்தப் பெட்டி புதிதாகவே கிடைக்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

இனி பெட்டி. கறுப்பு உடல், ஆரஞ்சு எழுத்து, நான்கு குமிழ்கள்: லெவல், கலர் மிக்ஸ் எல், கலர் மிக்ஸ் எச், டிஸ்ட். கூடவே ஸ்டாண்டர்ட், கஸ்டம் என்று மாற்றும் சின்ன ஸ்விட்ச். எல் என்பது 100 ஹெர்ட்ஸை ஒட்டிய அடி ஒலியையும், எச் என்பது 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய நடு மேல் ஒலியையும் ஏற்றி இறக்கும். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ட்ரெபிள் குமிழ் மாதிரி எச் மென்மையாக ஏறாது; குறுகிய ஒரு பட்டையைப் பிடித்து முட்டித் தள்ளும். அந்த ரம்ப இரைச்சல் அங்கேதான் இருக்கிறது.

இதை ஒரே ஒரு முறை இப்படிச் சோதித்துப் பாருங்கள். மற்ற மூன்றையும் முழுதாகத் திறந்து, எச்-ஐ மட்டும் 12 மணி நிலையில் வைத்துக் கீழ்த்தந்தியில் ஒரு பவர் கார்டை (சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த கூட்டொலி) உள்ளங்கையால் அடக்கி வாசியுங்கள். பஞ்சு மூட்டையை அடித்த மாதிரி மந்தமாக இருக்கும். கார்டைப் பிடித்தபடியே எச்-ஐ மெல்லத் திருப்புங்கள். 2 மணி வரை பெரிதாக ஒன்றும் நடக்காது. 3 மணியைத் தாண்டும்போது கார்டுக்குள்ளிருந்து இன்னொரு குரல் மூக்கால் பேசத் தொடங்கும். கோடியைத் தொடும்போது அது முழு உறுமலாகிவிடும். காவடியின்போது உறுமிக்காரர் வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்க்கிற தருணத்தைக் கேட்டவர்களுக்கு இந்த மாற்றம் உடனே பிடிபடும்: அடிச் சத்தம் அப்படியே இருக்க, மேலே ஒரு உராய்வு ஏறிக்கொள்கிறது.

ஸ்டாண்டர்ட் நிலை பழைய எச்எம்-2-வை அப்படியே தருகிறது. கஸ்டம் நிலையில் கெயின் கூடுதல், அடி ஒலி தடிமன். ஒரே கிட்டார் உள்ள மூவர் குழுவுக்குக் கஸ்டம் நல்லது, இடத்தை நிரப்பும். இரண்டு கிட்டார் இருந்தால் ஸ்டாண்டர்டே போதும். இரண்டு பேரும் கஸ்டமில் வாசித்தால் பாஸ் கிட்டாருக்கு இடமிருக்காது.

ஆம்ப்ளிஃபயரின் சுத்தமான சேனலில்தான் இதைச் செருக வேண்டும். ஏற்கெனவே டிஸ்டார்ஷன் திறந்திருக்கும் சேனலில் செருகுவதே முதல் தவறு. இரண்டு டிஸ்டார்ஷன் அடுக்கினால் கனம் கூடும் என்று நினைப்போம். உண்மையில் ஸ்வரத்தின் தொடக்கம் நசுங்கி, வேகமான பிக்கிங் எல்லாம் ஒரே இழுவையாகும். ஆம்ப்ளிஃபயரில் பாஸ் (அடி ஒலி) 3, மிடில் 6, ட்ரெபிள் 4 என்று தொடங்குங்கள். அடி ஒலியைப் பெடலே வேண்டிய அளவுக்குக் கொடுத்துவிடுகிறது, மேலும் கூட்டினால் ஸ்பீக்கர்தான் திணறும். நான்கு குமிழும் கோடியில் என்பது வரலாறு. ஆனால் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் லெவலை முழுதாகத் திறந்தால் அதன் உள்ளீடு அசிங்கமாக உடையும். அங்கே லெவலை 11 மணியில் நிறுத்துங்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரில் மட்டும் லெவலைத் தாராளமாக ஏற்றலாம். வால்வு சேர்ந்து உடையும்போது ஓசை உருண்டு வரும்.

ஸ்பீக்கர் 12 அங்குலம் இருக்க வேண்டும். 6 அல்லது 8 அங்குல ஸ்பீக்கர் உள்ள பயிற்சி ஆம்ப்ளிஃபயர்தான் கொசகொசப்புக்கு முதல் காரணம். வேறு வழியில்லை என்றால் எல் குமிழை 1 மணிக்கு இறக்குங்கள், எச்-ஐத் தொடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்காக ஹெட்போனிலோ கணினியிலோ வாசிப்பவர்கள் பெடலை நேரே ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகினால் தகர டப்பாவுக்குள் குளவி மாதிரிதான் கேட்கும். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைத் தானாகவே வெட்டிவிடும், ஹெட்போன் வெட்டாது. ஆகவே கணினியில் ஸ்பீக்கர் பெட்டியைப் போலிசெய்யும் கேபினட் சிமுலேஷன் கட்டாயம். செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கரின் பதிவு ஒன்றைப் போட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

இரைச்சல் உண்டு. இந்த ஓசைக்கு அது கூடவே பிறந்தது. வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் ஒன்றைப் பெடலுக்குப் பின்னால் வையுங்கள். பாஸ் என்எஸ்-2 இருந்தால் அதன் சென்ட், ரிட்டர்ன் வளையத்துக்குள் இதைப் போடுங்கள். அப்போது கேட் சுத்தமான கிட்டாரைக் கேட்டுத் திறந்து மூடும். கடைசி ஸ்வரம் பாதியில் அறுபடாது. சிங்கிள் காயில் பிக்கப் வேண்டாம். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலை எல் குமிழ் அப்படியே தூக்கிக் காட்டும். குதிரைப் பக்கம் உள்ள, முனகலை அடக்கும் இரட்டைச் சுருள் ஹம்பக்கர் பிக்கப்தான் இதற்கு இணை.

மின்சாரத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், பெட்டிகள் சாவது இங்கேதான். இதற்கு வேண்டியது 9 வோல்ட் டிசி, நடு முள் நெகட்டிவ். லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டுக் காலத்தில் வைஃபை ரௌட்டருக்காக வாங்கிய சின்ன டிசி யுபிஎஸ் பல வீடுகளில் சும்மா கிடக்கிறது. அதில் 9 வோல்ட் துளை இருக்கும், செருகியும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ரௌட்டர் வயர்களில் வழக்கமாக நடு முள் பாசிட்டிவ். தலைகீழ் மின்சாரம் போனால் பெடல் வேலை செய்யாது, உள்ளே பாதுகாப்பு டையோடும் போகலாம். பக்கத்துத் துளை 12 வோல்ட் என்பதையும் மறக்க வேண்டாம். அப்படி ஒன்றைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் திசை மாற்றும் வயரை வாங்கி, மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுச் செருகுங்கள். மலிவான இன்வெர்ட்டர்களின் சதுர அலை மின்சாரத்தில் ஆம்ப்ளிஃபயர் ஓடினால் வருகிற ரீங்காரத்தை எந்த நாய்ஸ் கேட்டும் முழுதாக அடக்காது. சைன் அலை இன்வெர்ட்டர் வேண்டும். விளக்கு போகிற நேரத்துக்குச் சாதாரண 9 வோல்ட் சதுர பேட்டரியே நல்ல துணை. வாசித்து முடித்ததும் உள்ளீட்டு வயரைப் பிடுங்கிவிடுங்கள். வயர் செருகியிருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ தருவிக்கும்போது கூடவே அடாப்டர் வந்தால் அதைத் தொடவே வேண்டாம். அது பெரும்பாலும் 100 அல்லது 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைந்துபோகலாம். இரண்டு முள் அடாப்டரை நம் பெரிய மூன்று முள் சாக்கெட்டுக்கு மாற்றும் கட்டை தளர்வாக இருந்தால் பெடலில் படபடவென்று சத்தம் வரும். பெடலைத் திறந்து பார்ப்பதற்கு முன் கட்டையை மாற்றிப் பாருங்கள்.

சுருதியைப் பி வரை இறக்குகிறவர்கள், 25.5 அங்குல நீளமுள்ள கிட்டாரில் 12-லிருந்து 60 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்) தந்தித் தொகுப்புப் போட வேண்டும். 10-46 தந்தியோடு இறக்கினால் தந்தி கயிறு மாதிரி ஆடும், ஸ்வரம் நிற்காது, அந்தக் குறையைப் பெடல் பத்து மடங்காகக் காட்டும். தடித்த தந்திக்கு நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்தி அமரும் கட்டை) பள்ளத்தை அகலப்படுத்தி, கழுத்தையும் இன்டோனேஷனையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். டர்பன் கடற்காற்றில் தந்தி வேகமாகத் துருப்பிடிக்கிறது. வாசித்ததும் துடைத்து வையுங்கள், அல்லது பூச்சு போட்ட தந்தியை வாங்குங்கள்.

பதிவு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து இடது, வலது என்று பிரியுங்கள். ஒரே பதிவை நகலெடுத்துப் பிரித்தால் அகலம் வராது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். இந்த ஓசை தனியாகக் கேட்கும்போது பிரமாதமாகவும், டிரம்ஸோடு சேரும்போது சிம்பல்களை விழுங்குவதாகவும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் எச்-ஐக் கொஞ்சம் இறக்கி, இரண்டாவது பதிவை வேறொரு சாதாரண டிஸ்டார்ஷனில் வாசித்துக் கலந்தால் ஸ்வரம் தெளியும்.

பெஹ்ரிங்கர் எச்எம்300 மலிவான மாற்று. ஓசையின் திசை சரியாகவே இருக்கிறது. உடல் பிளாஸ்டிக், மிதிகட்டை நம்பிக்கை தருவதில்லை. இந்த ஓசை உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள வாங்கலாம், மேடைக்கு எடுத்துப்போக வேண்டாம். எச்எம்-2டபிள்யூவின் உலோக உடலுக்கும் மிதிகட்டைக்கும் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

புதிதாகக் கடையில் வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை 6 மாதத்துக்குள் கொண்டுபோனால் சரிசெய்யவோ மாற்றவோ பணத்தைத் திருப்பவோ கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. எது வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுப்பது நீங்கள்தான். கடைக்காரர் ரிப்பேர் மட்டும்தான் என்று சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். தனியாரிடம் கைமாற்றாக வாங்குவதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

கைமாற்றாகப் பழைய எச்எம்-2 வந்தால் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் அடாப்டரும் கையோடு எடுத்துப்போங்கள். முதலில் பேட்டரியில் போட்டு சிவப்பு விளக்கின் வெளிச்சத்தைப் பாருங்கள், பிறகு இன்றைய 9 வோல்ட் அடாப்டரில். அடாப்டரில் விளக்கு மங்கினால், அது ஏசிஏ என்ற பழைய 12 வோல்ட் அடாப்டருக்காகச் செய்த பெட்டி. கெட்டுப்போனதில்லை, ஆனால் இன்றைய அடாப்டரில் அதன் முழுச் சத்தம் வராது; பேட்டரியில் ஓட்டலாம், அல்லது தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்து உள்ளே உள்ள ரெசிஸ்டர், டையோடைக் கடந்து இணைத்துக்கொள்ளலாம். பேட்டரி அறையின் சுருளில் பச்சைப் பூஞ்சை மாதிரி அரிப்பு இருக்கிறதா பாருங்கள். நான்கு குமிழையும் சத்தத்தோடு முன்னும் பின்னும் திருப்புங்கள். கரகரத்தால் கடற்காற்று உள்ளே போயிருக்கிறது, கான்டாக்ட் கிளீனர் பெரும்பாலும் தீர்த்துவிடும். ஒரு குமிழ் திருப்பும்போது சத்தம் முற்றாக அறுந்து மறுபடி வந்தால் பொட்டென்ஷியோமீட்டரையே மாற்ற வேண்டும்; அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.